கூரையில் ஒரு குழி

அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்து, வாடகைக் கதிரைகளை ஏற்றி அனுப்பிவிட்டுப் படியில் குந்தியிருந்தபோதுதான் அக்கா கதையைத் தொடங்கினாள்.

"தம்பி, இந்தச் சாமான என்ன செய்யிறதா உத்தேசம்? ஒண்டில் ஓட்டு, இல்லாட்டி வித்துப்போடு. உள்ளுக்குப் பாம்பு குடியிரிக்கி."

சாமான் என்றது கிணற்றடி வேம்பின் கீழ் நிற்கும் அப்பாவின் லொறியை. 1962ஆம் ஆண்டுப் பெட்ஃபோர்ட், ஜே வகை. நீட்டு மூக்கு, இரண்டு பக்கமும் பொங்கிய மட்காட், பின்னால் பலகைப் பெட்டி. 2009க்குப் பிறகு அது வளவை விட்டு வெளியே போனதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்கு. அக்கா கல்யாணம் முடித்த அன்றே அதெல்லாம் அவளுடையதாகிவிட்டது. ஆண்பிள்ளையான எனக்கு மிஞ்சியது ஆறு டயரில் நிற்கும் இந்தச் சொத்து. அதிலும் நாலு டயரில்தான் காற்று. லொறி என்னுடையது, அது நிற்கும் நிலம் அவளுடையது என்னும்போது அவள் கேட்டதில் பிழை சொல்ல முடியாது.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கு ஒன்றரை வருடம் இழுபட்டது. பழைய வாகனம் கைக்கு வந்து, திருத்துவதா மாற்றுவதா என்று முழிக்கிறவர்கள் யாராவது இருந்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரும் லொறியும்

தேற்றாத்தீவு மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகிற வீதியில், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் நடுவே இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் ஒரு கீற்று மணல். பிள்ளையார் கோயிலுக்கும் யூதாததேயு திருத்தலத்துக்கும் வருகிறவர்களுக்கு ஊர் தெரியும். ரயில் 1928இல் மட்டக்களப்பு வரைக்கும் வந்தது, அதோடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே இன்றைக்கும் தண்டவாளம் கிடையாது. ஆகவே வாவிக்கு அக்கரைப் படுவான்கரை நெல்லும், இக்கரை எழுவான்கரைத் தேங்காயும், களுதாவளை வெற்றிலையும் வெளியூர் பார்த்தது லொறியில்தான்.

வாவியைக் கடக்கக் குருக்கள்மடத்தில் 'பாதை' இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம், எங்களுக்குப் பாதை என்றால் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரைக்கு இழுக்கும் மிதவை. பாரம் ஏற்றிய லொறிக்குப் பட்டிருப்புப் பாலம்தான். அறுவடைக் காலத்தில் அப்பா வயல் வட்டைக்குள் போனால் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். களவெட்டியில் நெல் தூற்றி முடியும்வரை வாடியில் படுக்கை. மற்றக் காலங்களில் செங்கலடி கறுத்தப்பாலத்தால் திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளைக்கு ஏறுவார். போகும்போது தேங்காயும் கருவாடும், வரும்போது உருளைக்கிழங்கும் லீக்ஸும். நான் சின்னவனாக இருந்தபோது லொறியின் பெட்டிக்குள் ஏறினால் பாதி கருவாடும் பாதி லீக்ஸுமாக மணக்கும். இன்னும் மூக்கில் நிற்கிறது.

அப்பா முதலில் இந்த லொறிக்கு ட்ரைவர்தான். பழுகாமத்து வயல்காரப் போடியார் ஒருவர் புதிதாக எடுத்தது. 1971இல் போடியார் கையை விட, அப்பா கடன்பட்டு வாங்கினார். அந்தக் கடன் அடைந்த நாளை அம்மா என் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்.

மூன்று கட்சி

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஓடக்கூடிய எதற்கும் விலை, ஓடாததற்கும் விலை. எங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்களின் தொகை அப்போதுதான் கூடத் தொடங்கியது. ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு அவர்கள் படலையைத் திறந்துகொண்டே வந்தார்கள்.

முதலாவது ஆள் பழைய இரும்புக்காரர். கிலோவுக்கு இவ்வளவு என்றார், பலகை வேண்டாம் என்றார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவரோடு வழக்கில்லை.

இரண்டாவது ஆள் கொழும்பிலிருந்து வந்தவர், பழைய வாகனப் பைத்தியம். கையில் தொழிற்சாலைக் காலத்து விளம்பரப் படம். ஒவ்வொரு ஆணியையும் கழற்றி, கறளைச் சுரண்டி, கூரையைத் தட்டி நேராக்கி, படத்தில் உள்ள அதே நிறம் அடிக்க வேண்டும் என்றார். "ஷோரூமிலிருந்து வந்த மாதிரி." பலகைப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். "இது லோக்கல் வேலை."

மூன்றாவது ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். அக்காவின் மகன், வயது இருபத்து மூன்று. "மாமா, இசுசு எஞ்சின், அஞ்சு கியர், பவர் ஸ்டியரிங். பெட்டியில ஒரு பக்கத்த வெட்டித் திறந்து சாப்பாட்டுக்கடை. பாசிக்குடாவில நிப்பாட்டினா வெள்ளைக்காரன் வந்து படம் எடுப்பான்." கைபேசியில் படமே வரைந்து வைத்திருந்தான். லொறி மஞ்சள் நிறத்தில் இருந்தது.

நான் எந்தக் கட்சி? மனதுக்குள் கொழும்புக்காரரின் கட்சி. விற்க மனமில்லை, ஆனால் அந்த விளம்பரப் படம் என்னை விழுத்திவிட்டது. அப்பாவுக்குச் செய்யும் மரியாதை லொறியைப் புதுசாக்குவதுதான் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து பாஸைக் கூட்டிவந்து காட்டினேன். எங்கள் ஊரில் கராஜ்காரர் எல்லாரும் பாஸ்தான். அவர் கீழே படுத்து, சுத்தியலால் செசியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணி மாதிரிக் கேட்கும், உக்கினது தகரப்பேணி மாதிரிக் கேட்கும். இரண்டு இடத்தில் தகரப்பேணி. மற்றதெல்லாம் மணி.

"ஒரிஜினலா எடுக்க வேணும் பாஸ்."

அவர் எழும்பி மண்ணைத் தட்டினார். "எடுக்கலாம் சேர். எந்த வருசத்து ஒரிஜினல் வேணும்?"

எந்த வருடம்?

பகிடிக்குத்தான் சொன்னார் என்று நினைத்தேன். இரவு படுத்தால் நித்திரை வரவில்லை. அடுத்த நாள் அப்பாவின் பழைய கிளீனர் அண்ணனைத் தேடிப் போனேன். பதினாலு வயதில் இந்த லொறியில் ஏறியவர், இப்போது எழுபதை எட்டப் போகிறார். ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாக லொறியின் சாதகத்தை எழுதினோம்.

1962: கப்பலில் வந்தது முகமும் செசியும் மட்டும். இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் தொழிற்சாலையில் பிறந்தது அவ்வளவுதான். பெட்டி இங்கே, எங்கள் ஊர்ப் பக்கத்துத் தச்சர்கள் முதிரைப் பலகையில் அடித்தது. அதாவது கொழும்புக்காரர் முகம் சுளித்த 'லோக்கல் வேலை' முதல் நாளிலிருந்தே உண்டு.

1974: வந்தபோது இருந்தது ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். 1973இல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏற, பதுளை ஏற்றத்தில் பெற்றோல் குடிக்கும் எஞ்சின் கட்டுப்படியாகவில்லை. அப்பா பழைய பெட்ஃபோர்ட் டீசல் எஞ்சின் ஒன்றைத் தேடி மாட்டினார். இப்போது உள்ளே இருப்பது அதுதான். சி.ஆர். என்ற பதிவுப் புத்தகத்திலும் அந்த எஞ்சின் இலக்கத்தை ஏற்றி வைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் செய்ததும் மருமகன் இன்றைக்குக் கேட்பதும் ஒரே வேலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

1978 நவம்பர் 23: சூறாவளி. மட்டக்களப்பார் வயதைக் கணக்குப் பார்ப்பதே அந்த இரவை வைத்துத்தான். வீட்டு ஓடு பறக்கத் தொடங்கியதும் அப்பா அம்மாவையும் மூன்று வயது அக்காவையும் லொறியின் முன்பக்கம் ஏற்றிக் கதவை அடைத்தார். நான் அம்மாவின் வயிற்றில். விடியப்புறம் ஒரு தென்னை சரிந்து அதன் தலை கூரையில் விழுந்தது. கிளீனர் இருக்கும் இடப்பக்கத்துக்கு மேலே ஒன்றேகால் அடி நீளத்தில் குழி. உள்ளே ஆருக்கும் ஒரு கீறலும் இல்லை. அடுத்த கிழமையே விழுந்த தென்னங்குற்றிகளையும் நிவாரண அரிசியையும் ஏற்ற லொறிக்கு ஓயாத வேலை. குழியை எடுக்க நேரமில்லை. பிறகு எடுக்க மனமில்லை. மாரியில் அதில் தண்ணீர் தேங்கி, மூட்டு வழியாகக் கசிந்து கிளீனர் அண்ணனின் தோளில் சொட்டும். அவர் இடது தோளில் எப்போதும் ஒரு துவாய் கிடக்கும்.

1990 ஜூன்: சண்டை மறுபடி தொடங்கியது. ஓடக்கூடிய லொறியை ஆரும் கேட்கலாம், மறுக்க ஏலாது. அப்பா டீசல் பம்பைக் கழற்றி, எண்ணெய்ச் சாக்கில் சுற்றி, நெல்லுக்குள் புதைத்தார். பம்பைத் திரும்பப் பூட்டிய ஆணிகளில் இரண்டு வேறு சாதி, இன்றைக்கும் அப்படியே.

கொப்பியை மூடும்போது பாஸ் கேட்டது பகிடியில்லை என்று விளங்கியது. கொழும்புக்காரர் திருப்பிக் கொடுக்க நினைத்தது 1962ஐ. அந்த வருடத்தில் என் அப்பா இந்த லொறிக்குச் சம்பள ட்ரைவர். அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை, குழியும் இல்லை. லொறியைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுபோனால் அதிலிருந்து முதலில் இறங்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

தகடு

இன்னொரு சங்கதி. இந்த லொறியில் பழைய 'ஸ்ரீ' இலக்கத் தகடு இருக்கிறது. வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து வேண்டும் என்று 1957இல் வந்தபோது, தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடியது. வடக்குக் கிழக்கில் தகடுகளில் தார் பூசித் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1958இன் இரத்தக்களரிக்கு முன்னால் நடந்த கதைகளில் அதுவும் ஒன்று. அப்பாவின் வயதுக்காரர்களுக்கு அந்த எழுத்து ஒரு முள். இன்றைக்குக் கொழும்புக்காரர் முதலில் தடவிப் பார்த்தது அந்தத் தகட்டைத்தான். "ஸ்ரீ நம்பர்! இதுக்கே தனி விலை." மருமகனும் அதை வெறும் 'வின்டேஜ்' என்கிறான். நான் இரண்டு பேரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தகடு அப்படியே இருக்கும் என்று மட்டும் கொப்பியில் எழுதினேன். முள்ளும் சரித்திரம்தான்.

டூரினில் சொன்னதும் லுணுகலையில் நடந்ததும்

இணையத்தில் தேடியபோது ஒன்று அகப்பட்டது. 1966இல் தொடங்கிய ஃபீவா என்ற சர்வதேசப் பழைய வாகன சம்மேளனம், 2012இல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. முப்பது வயது தாண்டிய வாகனங்களை எப்படிப் பேண வேண்டும் என்பதற்கான வழிகாட்டி. நான் பயந்தபடி அது 'எல்லாம் ஒரிஜினல்' என்று அடம்பிடிக்கவில்லை. பிறந்த நாள் தோற்றத்துக்கே திருப்ப வேண்டிய அவசியமில்லை என்கிறது. வாழ்ந்த காலத்தில் பட்ட மாற்றங்களும் வாகனத்தின் சரித்திரமே என்கிறது. பாதுகாப்புக்காக இன்று எதையாவது மாற்ற வேண்டியிருந்தால் குறைவாகத் தொடு, திரும்பக் கழற்றக்கூடிய மாதிரிச் செய், கழற்றிய சாமானை எறியாமல் வை. இவ்வளவுதான் சாரம்.

இதைக் கிளீனர் அண்ணனுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுவிட்டு இடக்கையை நீட்டினார். சுட்டுவிரலில் நகமில்லை.

"லுணுகலை இறக்கத்தில ஒருக்கா பிரேக் எண்ணெய் போயிற்று. உங்கட அப்பா கியரப் போட்டு இழுத்துப் பிடிக்கார். நான் கட்டையோட குதிச்சு பின் டயருக்குக் குடுத்தன். ஒரிஜினல் பிரேக் நான்தான் தம்பி."

விளங்காதவர்களுக்கு: இந்த லொறியில் பெடலை மிதித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே தொகுதிக் குழாய் வழியாக எண்ணெய் போகும். எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் எல்லாப் பிரேக்கும் ஒன்றாகப் போச்சு. இப்போதைய வாகனங்களில் இரண்டு தொகுதி, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அந்தக் காலத்தில் இரண்டாவது தொகுதி, மரக்கட்டையோடு ஏற்ற இறக்கத்தில் குதிக்கும் ஒரு பொடியன்.

அந்த விரலைப் பார்த்த பிறகு பிரேக் விசயத்தில் எனக்கு இரண்டாம் யோசனை வரவில்லை. மற்றதெல்லாம் மனதில் கலங்கியே கிடந்தது.

எங்கள் ஊர்ப் பேருக்குக் காரணம் தேற்றா மரம் என்பார்கள். அம்மம்மா கலங்கல் தண்ணீர்ப் பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு, "தொடாம விடு" என்பார். கொஞ்ச நேரத்தில் சேறு தானாக அடியில் இறங்கிவிடும். இரண்டாவது வேலைதான் கஷ்டம், தொடாமல் விடுவது. கொப்பியை மூன்று மாதம் திறக்கவில்லை. திறந்தபோது எழுத அதிகம் இருக்கவில்லை.

செய்ததும் செய்யாததும்

பிரேக் மாற்றினோம். ஜப்பான் லொறியின் இரட்டைத் தொகுதி மாஸ்டர் சிலிண்டர், பழைய ஆணித் துளைகளுக்கே பொருந்துமாறு ஒரு தகடு வெட்டி அதன் மேல். செசியில் ஒரு புதுத் துளையும் போடவில்லை. பழைய சிலிண்டர் கிரீஸ் பூசி, பிஸ்கட் பெட்டியில், பெயர் எழுதி.

வயர் முழுக்கப் புதிது. பழைய துணி சுற்றிய வயர் தொட்டால் பொடியாகிறது. தீப்பிடித்தால் சாசனம் வந்து அணைக்காது. சீட் பெல்ட் இரண்டு போட்டோம்.

கறள் பிடித்த இரண்டு செசி இடங்களையும் வெட்டிப் புது இரும்பு ஒட்டினோம். மற்ற இடங்களில் கறளை நிறுத்தியதோடு சரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்துகொண்டு கறளை வெல்வதாக நினைப்பது வீண். வருடத்துக்கு ஒருக்கா அடியில் எண்ணெய் அடித்தால் போதும்.

எஞ்சினைத் தொடவில்லை. நல்ல எஞ்சின். பெட்ஃபோர்ட் லொறித் தொழிலை 1987இல் கைமாற்றினார்கள், வாங்கிய கம்பனியும் 1992இல் முறிந்துபோனது. ஆனால் இந்த வகை லொறி பாகிஸ்தானில் இன்னும் சித்திரம் பூசிக்கொண்டு மலையேறுகிறது. ஆகவே சாமான் அகப்படும். பொறுமை வேண்டும், அங்குல ஸ்பெனர் வேண்டும்.

இதில் மருமகனுக்கு ஒரு பாடம். முன் இடச் சக்கரத்தின் நட்டைக் கழற்ற அரை மணித்தியாலம் ஸ்பெனரில் ஏறி நின்று மிதித்தான். அசையவில்லை. கிளீனர் அண்ணன் வெற்றிலை மென்றுகொண்டே பார்த்திருந்துவிட்டு, "மனே, நீ இறுக்கிறாய்" என்றார். இந்த லொறியில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை தலைகீழ். ஓடும்போது நட் தானாகக் கழராமல் இருக்க அப்படி. அன்றையிலிருந்து அவன் லொறியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான். சாப்பாட்டுக்கடைப் பேச்சும் மெல்லக் குறைந்தது. பெட்டியை வெட்டாமலே, பின்கதவைத் திறந்து மேசை போடலாம் என்கிறான். அது கழற்றக்கூடிய மாற்றம். ஆட்சேபனையில்லை.

உங்களுக்கு மூன்று சொல்லுகிறேன். செசியைத் தட்டிக் கேட்காமல் பெயின்ட் பற்றிப் பேசாதீர்கள். எஞ்சின் இலக்கமும் புத்தகமும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள், எஞ்சினையோ பெட்டியையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். மூன்றாவது, அந்த வாகனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்த ஆள் யாராவது உயிரோடு இருந்தால், மெக்கானிக்குக்கு முன்னால் அவரிடம் போங்கள்.

குழி

கடைசியாகக் கூரை. குழியை எடுப்பதில்லை, மூட்டை மட்டும் அடைப்பது என்று முடிவு. டிங்கர் வேலைக்கு வந்தவரிடம் சொல்லியும் வைத்தேன். அன்று எனக்குப் பாடசாலை, அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். மனிதர் கதவு வேலையை நேரத்தோடு முடித்துவிட்டு, சும்மா போக மனமில்லாமல், நல்லெண்ணத்தில் கூரைக்குள் கட்டை கொடுத்துத் தட்டத் தொடங்கியிருக்கிறார். "இத ஓசியில எடுத்துத் தாறன் தம்பி" என்று மருமகனிடம் சொல்லியும் இருக்கிறார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தவன், லொறியை மஞ்சள் அடிக்கப் பார்த்த அதே பொடியன்தான். அதற்குள் பாதி எழும்பிவிட்டது. நான் வந்து பார்த்தபோது குழியின் ஒரு பக்கம் தென்னை விழுந்தபடி, மறுபக்கம் சுத்தியல் தட்டியபடி. டிங்கர்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். "திரும்பக் குழியாக்கித் தரட்டா சேர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கொப்பியில் அன்றைய திகதியைப் போட்டு, 'கூரை, பாதி' என்று எழுதினேன்.

போன மாதம் முதல் ஓட்டம். பட்டிருப்புப் பாலம் வரை போய்த் திரும்புவது. கிளீனர் அண்ணன் இடப்பக்கத்தில், மழையில்லாத நாளிலும் தோளில் துவாயோடு. புகை கொஞ்சம் கூட, சத்தம் நிறைய, பிரேக் பிடித்தது. களுவாஞ்சிகுடிச் சந்தியில் இரண்டு கிழவர்கள் சைக்கிளால் இறங்கி நின்று பார்த்தார்கள்.

திரும்பி வளவுக்குள் விட்டதும் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் பேசாமல் ஏறி, இடப்பக்கத்தில் இருந்து, தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். கையால் தடவினாள். எனக்குத் தெரிய, அம்மா போன பிறகு அவள் அதற்குள் ஏறியதில்லை.

"அம்மா சொன்னத விடச் சின்னனாக் கிடக்கே" என்றாள்.

மருமகன் என்னைப் பார்த்தான். நான் கிளீனர் அண்ணனைப் பார்த்தேன். அவர் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆரும் ஒன்றும் சொல்லவில்லை.